மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்

அந்த வீட்டு மாப்பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டாம், சட்டை வேண்டாம், கோபித்துக்கொண்டு மூட்டை கட்டவும் தெரியாது. மூத்த மகளின் மேசைமேல் இருந்த மடிக்கணினிக்குள் குடியிருந்துகொண்டு, திரையில் வருவதையெல்லாம் வாய் ஓயாமல் வாசித்துக்காட்டும் குரல்தான் மாப்பிள்ளை. மூத்தவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. குரல் வீட்டுக்குள் வந்த அன்றைக்கு, லாரி ஓட்டும் தாய்மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "யாருடி இது, வந்த அன்னைக்கே இவ்வளவு அதிகாரம் பண்றாரு? வீட்டோட மாப்பிள்ளையா?"

பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை பேசுவது மூத்தவள் ஒருத்திக்குத்தான் புரியும். அவ்வளவு வேகம் வைத்திருந்தாள். மற்றவர்கள் காதில் அது தகர டப்பாவில் பயறு கொட்டுகிற சத்தம்.

"இப்ப என்னடி சொல்றாரு?" என்று அம்மா கேட்பாள்.

"அத்தை ரொம்பக் கேள்வி கேக்கறாங்கன்னு சொல்றாரு."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. கரன்ட் பில்லு அத்தைதானே கட்டறா!"

அந்தக் கணினியை அவள் வாங்கிய கதையை மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கடையில் திரை செத்துப்போய் ஓரமாகக் கிடந்த கணினி அது. "புதுத் திரை போட்டுத் தரேம்மா" என்றார் கடைக்காரர். "எனக்கெதுக்குங்க திரை? அதைக் கழிச்சுக்கிட்டு விலை சொல்லுங்க" என்றாள் இவள். கடைக்காரர் அசந்துபோனார். திரைதான் வேலை செய்யாதே, அப்புறம் மூடியைத் திறந்து வைப்பானேன்? மூடினாலும் தூங்கிவிடாதபடி அமைத்து, மூடிமேலேயே தனி விசைப்பலகை ஒன்றை வைத்துத் தட்டுவாள். மேசையில் இடமும் மிச்சம்.

இதில் ஒரு தப்பு இருக்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. நமக்கும் கொஞ்ச நேரம் படாமலே இருக்கட்டும்.

மூத்தவள் ஊர் வானொலியில் வேலை பார்த்தாள். மற்றவர்கள் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலை. ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பெண்கள் சைக்கிள் பந்தயத்துக்கு வர்ணனை சொல்பவருக்கும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். கேட்பவர்கள் கைதட்டுகிற நகைச்சுவையெல்லாம் இவளுடையது. கைதட்டல் மட்டும் அவருடையது. அவருக்கு இந்த ஆண்டு பந்தயத்துக்கு முந்தின நாள் தொண்டை கட்டிக்கொண்டது. போனில் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "நீ... பேசு..." என்பது அதன் அர்த்தம் என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

அந்தப் பந்தயத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை எந்த மனிதனும் கண்ணால் பார்த்ததில்லை. மணிக்கூண்டில் கிளம்பி, சந்தைத் தெரு வழியாகப் போய், குன்றைச் சுற்றி, ஏரிக்கரையோடு வந்து, பாலம் தாண்டித் திரும்பவும் மணிக்கூண்டில் முடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கொடிக்காரர் நிற்பார். தன்னைக் கடந்து போகிறவர்களின் எண்ணையும் இடைவெளியையும் தட்டி அனுப்புவார். அது வர்ணனை சொல்பவரின் கணினிக்கு மட்டும் வரும். பழைய ஏற்பாடு, ஒரு நேரத்தில் ஒரு கணினிதான். தெருவில் நிற்கும் ஜனம் தன் முன்னால் கடப்பதைப் பார்க்கும். மிச்சத்தை வானொலியில் கேட்கும். அதனால் பந்தயத்தை முழுதாக நடத்திக்காட்டுவது வர்ணனைக் குரல்தான். இத்தனை ஆண்டுகளும் குறிப்பு எழுதிக்கொண்டே மூத்தவள் நினைத்துக்கொண்டது இதைத்தான்: இந்த வேலைக்குக் காது போதுமே, என்னிடம் இரண்டு இருக்கிறதே!

வானொலிக்குப் பெரிய கட்டடமெல்லாம் கிடையாது. பேசுகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பேசுவார்கள். நிலையப் பொறுப்பாளர் இரண்டே இரண்டு நிபந்தனை போட்டார்.

"பேச்சு நிக்கக் கூடாதும்மா. நின்னா நான் பாட்டைப் போட்டுடுவேன். பாட்டுப் போட்டா போட்டதுதான், திரும்ப உங்க கிட்ட வரமாட்டேன். இந்த ஒரு தடவை சரியா வந்தா, அடுத்தடுத்த பந்தயத்துக்கும் உங்களையே வச்சுக்கலாம்."

"சரிங்க. இரண்டாவது?"

"உங்க தங்கச்சி ஓட்டறாங்கல்ல? தங்கச்சிங்கற வார்த்தையே வரக் கூடாது."

தங்கை, அதாவது சின்னவள், ஊருக்குத் தபால் கொடுப்பவள். எந்நேரமும் சைக்கிளில்தான் இருப்பாள். அவளுடைய எண் பதினான்கு.

பந்தயத்தன்று காலையில் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. மைக்குக்குள் வேறு சத்தம் போகக் கூடாதே! மூத்தவளின் அறையில் ஜன்னல்களை அடைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். டிக் டிக்கென்று அடித்த கடிகாரத்தை மாமா கழற்றிச் சமையலறை டப்பாவுக்குள் போட்டு மூடினார். எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவே மைக்கைக் கட்டினார்கள். மூத்தவள் தலையை அலமாரிக்குள் விட்டு உட்கார்ந்திருக்க, "எதையோ திருடப் போய் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கே" என்றார் மாமா. மைக் போனோடு இணைந்திருந்தது; அந்தப் போன் வழியாக இடது காதில் நிலையத்தின் குரல். கணினியில் செருகிய காதுக்கருவி வழியாக வலது காதில் மாப்பிள்ளை.

ஒத்திகையில் பொறுப்பாளர் முணுமுணுத்தார்: "என்னமோ உஸ்ஸுன்னு கேக்குதே."

அது கணினிக்குள் சுற்றும் குட்டி விசிறி. அம்மா உடனே மெத்தென்ற தலையணை ஒன்றைக் கொண்டுவந்து கணினிக்கு அடியில் வைத்தாள். தன் கம்பளிச் சால்வையை இரண்டாக மடித்து, பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் கணினியைச் சுற்றினாள்.

"இப்ப பிரமாதம்!" என்றார் பொறுப்பாளர்.

"பாத்தியா, போர்த்திவிட்டதும் மாப்பிள்ளை கப்சிப்" என்றாள் அம்மா.

மணிக்கூண்டில் சீட்டி ஊதினார்கள்.

"வணக்கம்! கிளம்பியாச்சு! சக்கரம் உருள ஆரம்பிச்சாச்சு!" மூத்தவள் முதல் மூச்சிலேயே பாய்ந்தாள். "பதினேழாம் எண், நம்ம ரொட்டிக் கடைக்காரம்மா. போன தடவை ஜெயிச்சவங்க, இந்தத் தடவையும் விடறதா இல்லை. பதினாலாம் எண், தபால் கொடுக்கிறவங்க. உங்க வீட்டுக் கதவைத் தட்டாத நாளே இல்லை, இன்னைக்கு மட்டும் நிக்க மாட்டாங்க, கூப்பிடாதீங்க! கடைசில, ரொம்பக் கடைசில, பதினாறாம் எண், பல் டாக்டர். இந்த ஊர்ல பாதிப் பேரை வாயைத் திறக்க வச்சவங்க, இன்னைக்குத்தான் அவங்க வாயைத் திறந்து மூச்சு விடறாங்க!"

இடது காதில் பொறுப்பாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சிறகு கட்டிவிட்டது. மாப்பிள்ளை வலது காதில் பயறு கொட்டக் கொட்ட, இவள் பொறுக்கிப் பொறுக்கி வாயால் கோத்தாள். சந்தைத் தெருவில் பதினேழு முன்னால். குன்றடியில் பதினான்கு ஒட்டிக்கொண்டது. மேட்டில் இரண்டு பேரும் தோளோடு தோள். வெளியே தெருவில், பக்கத்து வீடுகளில், கடைகளில் எல்லாம் தன் குரலே திரும்பத் திரும்ப ஒலிப்பது அடைத்த ஜன்னலையும் மீறி லேசாகக் கேட்டது. இத்தனை ஆண்டுகளாக எழுதி எழுதிக் கொடுத்த வாய், இன்றைக்குத்தான் தன் கைக்கு வந்ததுபோல் இருந்தது.

குன்றின் பின்பக்கம் போகும்போதுதான் மாப்பிள்ளை திக்கினார்.

"பதி, பதி, பதி, னேழு." அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மூன்று திருப்பங்களின் செய்தி ஒரே மூச்சில், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கி வந்தது.

சில வாரங்களாகவே மாப்பிள்ளை இப்படித்தான். மத்தியான நேரத்தில் வார்த்தையை விழுங்குவார். இணையம் சரியில்லை என்று இவள் நினைத்தாள். சோம்பல் என்று அம்மா நினைத்தாள். இப்போது என்ன ஆயிற்று? கொடிக்காரர்கள் சும்மா இருக்கிறார்களா, மாப்பிள்ளை செத்துவிட்டாரா? திரையைப் பார்க்கிறவருக்கு அது ஒரு கணத்தில் தெரிந்துவிடும். காதால் பார்க்கிறவருக்கு மௌனம் என்றால் எல்லா மௌனமும் ஒன்றுதான். அதற்கென்று அவளிடம் ஒரு வழி இருந்தது. நேரம் கேட்கும் விசையைத் தட்டினால் மாப்பிள்ளை உடனே மணி சொல்வார். தட்டினாள். வாய் குன்றின் அழகை வர்ணித்துக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. குன்றைப் பற்றிச் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்தபிறகு மாப்பிள்ளை சாவகாசமாக மணி சொன்னார்.

விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தபோதுதான் உறைத்தது. விசைப்பலகையே சுடுகிறது. சால்வைக்குள் கையை விட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது கணினி. மூடிய மூடி, அதன்மேல் பாரம், அடியில் தலையணை, மேலே கம்பளி. அவர் மூச்சு விடுவதே விசைகளின் சந்து வழியாகவும் விலாவில் இருக்கும் ஓட்டை வழியாகவும்தானே! எல்லா வாயையும் அடைத்துவிட்டு, பேசு பேசு என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மைக்கைக் கையால் பொத்தி, "அம்மா! மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்!" என்று கத்தினாள்.

பொத்தியது போதவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது.

அம்மாவும் மாமாவும் ஓடி வந்தார்கள். மாமா வரும்போதே கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

"லாரி இஞ்சின் சூடானா இதுதான் வைத்தியம். தள்ளுங்க, ஊத்தறேன்!"

"ஊத்தின கையை ஒடிப்பேன்! செம்பைக் கீழ வைடா!" என்றாள் அம்மா.

இதுவும் ஊர் முழுக்கக் கேட்டது. இடது காதில் பொறுப்பாளர் பதறினார்: "என்னம்மா நடக்குது அங்க? யாருக்குக் காய்ச்சல்? பாட்டைப் போடட்டுமா?"

மூத்தவளுக்கு ஒரு கணம்தான் இருந்தது. கணினி அணைந்தால் திரும்ப எழுந்திருக்க நேரமாகும், பந்தயம் முடிந்துபோகும். இங்கேயே மின்விசிறியைப் போட்டால் மைக்கில் புயல் அடிக்கும். மைக்கோ அலமாரியில் கட்டிக் கிடக்கிறது, நகராது. கூடத்தில் பெரிய மின்விசிறி இருக்கிறது, திறந்த ஜன்னல் இருக்கிறது; ஆனால் காதுக்கருவியின் கம்பி அவ்வளவு தூரம் எட்டாது.

"நேயர்களே, உங்க கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றாள் மைக்கில். "எனக்குச் செய்தி வாசிச்சுச் சொல்றது என் கம்ப்யூட்டர். வீட்ல அவருக்கு மாப்பிள்ளைன்னு பேரு. ஜன்னலை அடைச்சு, கம்பளி போர்த்தி, மாப்பிள்ளையை அவிச்சுட்டோம். இப்ப அவரைக் காத்தாடத் தூக்கிட்டுப் போறோம். பந்தயம் நிக்காது, நானும் நிக்க மாட்டேன். காதை எடுத்துடாதீங்க!"

பேசிக்கொண்டே விரலால் மாப்பிள்ளையின் வேகத்தைக் குறைத்தாள், குறைத்தாள், இன்னும் குறைத்தாள். காதுக்கருவியின் கம்பியைப் பிடுங்கினாள்.

"மாமா, கூடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. விசிறிக்கு நேர் கீழ. மூடியைத் திறந்து வைங்க. அடியில ரெண்டு கட்டை கொடுங்க. அம்மா, நீ அவர் வாய்கிட்டக் காதை வச்சு, அவர் சொல்றதை அப்படியே கத்து!"

"எனக்கு அவரு பேச்சு என்னைக்குடி புரிஞ்சுது?"

"இன்னைக்குப் புரியும். போ!"

மாமா குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடினார். சால்வை வழியிலேயே அவிழ்ந்து விழுந்தது. திறந்த கதவு வழியாகக் கூடத்து மின்விசிறியின் இரைச்சல் வந்து மைக்கில் ஏறியது. ஏறட்டும். மூத்தவள் வலது காதைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வீறிட்டது. "ஐயோ, புரியுதுடி! மாப்பிள்ளை நம்ம பாஷைதாண்டி பேசறாரு!"

"என்னம்மா சொல்றாரு?"

"ஏரிக்கரை! பதினேழு முன்னால! பதினான்கு பின்னால, ஒரு சைக்கிள் தூரம்! பதினா... பதினாறு அப்புறம்!"

பல் டாக்டரா? மேட்டில் எத்தனை பேரைத் தாண்டி வந்திருக்கிறாள்! மூத்தவள் அதை அப்படியே வாங்கி மைக்கில் வீசினாள். இப்போது வர்ணனை இரண்டு குரலில் நடந்தது. கூடத்திலிருந்து அம்மா எறிவாள், அலமாரியிலிருந்து மகள் பிடிப்பாள். மாப்பிள்ளை இன்னும் திக்கத்தான் செய்தார். காய்ச்சல் உடனே விடுமா? ஆனாலும் சொல்லுக்குச் சொல் நிதானமாக வந்தார். மாமா பக்கத்தில் நின்று செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே, "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்ச தூரம், தம் பிடிங்க" என்று கெஞ்சியதும் காற்றில் ஏறிப் போயிற்று.

"பாலம்! பாலத்துக்கு வந்தாச்சு!" என்று அம்மா கத்தினாள். "ஐயையோ, நம்ம சின்னவ முந்திட்டா! நம்ம சின்னவடி, உன் தங்கச்சி!"

போச்சு. மூத்தவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். இடது காதில் பொறுப்பாளரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது எந்த மாதிரி மௌனம் என்று யோசிக்க இப்போது நேரமில்லை.

"பதினாலாம் எண் பாலத்துல முந்தறாங்க. என் தங்கச்சிதான், எங்கம்மாவே சொல்லிட்டாங்க. அதுக்காகச் சக்கரம் ஒரு சுத்துக் கூடச் சுத்தாது. ரொட்டிக் கடைக்காரம்மா, விடாதீங்க! டாக்டரம்மா, நீங்களும்தான்! மூணு பேரும் ஒரே கயித்துல கட்டின மாதிரி வராங்க! மணிக்கூண்டு தெரியுது! கடைசித் தெரு!"

தெருவில் யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள். ஊரே ஊளையிடுகிறது. இனிமேல் வரவேண்டியது மணிக்கூண்டுக் கொடிக்காரர் அனுப்பும் ஒரே ஒரு செய்தி.

"அம்மா?"

"இரு, இரு. வாயைத் திறக்கறாரு. 'முதல் இடம்...' 'முதல் இடம்...'"

"சொல்லும்மா!"

"'பதி'ங்கறாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். 'பதி'ன்னு சொல்லிட்டு நிக்கறாரு!"

பதினான்கும் பதி. பதினாறும் பதி. பதினேழும் பதி. முன்னால் வந்த மூன்று பேருக்கும் அதே தலையெழுத்து. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். மூன்றில் ஒன்று பலித்தாலும் பலிக்கும். வாய் வரை வந்த எண்ணை விழுங்கினாள்.

"நேயர்களே, செய்தி வந்துடுச்சு, பாதி வந்துடுச்சு! 'பதி' வரைக்கும் வந்து மாப்பிள்ளை மூச்சு வாங்கறாரு. மீதி அவர் தொண்டையில இருக்கு. நான் ஊகம் சொல்ல மாட்டேன். கூடவே இருங்க!"

"'பதினா'!" அம்மா துள்ளியதில் கூடத்துத் தரை அதிர்ந்தது. "'பதினா'ங்கறாரு! ஏழு இல்லடி! பதினாலு! நம்ம சின்னவ ஜெயிச்சுட்டா! பதினாலு!"

ஏதோ ஒரு கடையில் பட்டாசுபோல் கைதட்டல் வெடித்தது. மாமா சீட்டி அடித்தார். இடது காதில் பொறுப்பாளரே "பதினாலா?" என்று கேட்டார்.

"இல்லை!" மூத்தவள் கத்தினாள். "இன்னும் இல்லை! 'பதினா'வுக்கு அப்புறம் ரெண்டு வழி இருக்கு. அம்மா, அவரு வாயை மூடினாரா?"

"இல்லடி..."

"அப்ப யாரும் ஜெயிக்கலை! கைதட்டாதீங்க! எல்லாரும் அப்படியே நில்லுங்க!"

ஊர் நின்றது. பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கணம் தெருவில் சைக்கிள் மணிகூட ஒலிக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அதற்குக் கீழே, திறந்த வாயோடு, வேர்க்க விறுவிறுக்க நின்றார் மாப்பிள்ளை.

அப்புறம் அவருடைய சின்ன ஒலிபெருக்கியிலிருந்து, யாரும் திருப்பிச் சொல்லத் தேவையில்லாமல், மூத்தவளின் காதுக்கே நேராக வந்து விழுந்தது அந்த எழுத்து.

"று."

"பதினாறு!" மூத்தவள் அலமாரிக்குள் எழுந்து நின்றுவிட்டாள். தலையில் துணிமாட்டிகள் கலகலவென்று விழுந்தன. "பதினாறு! பல் டாக்டர்! கடைசியா கிளம்பி முதலா வந்துட்டாங்க! இதுவரைக்கும் பாதி ஊரைத்தான் வாயைத் திறக்க வச்சிருந்தாங்க, இப்ப முழு ஊரும் திறந்துட்டு நிக்குது! திறந்த வாயை மூடாதீங்க, அப்படியே கத்துங்க!"

கத்தினார்கள். அது அடைத்த ஜன்னலைத் துளைத்துக்கொண்டு வந்தது.

பேசி முடித்துத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். இடது காதில் பொறுப்பாளர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"பாட்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னேம்மா. நீங்க எங்க நிறுத்தினீங்க, நான் போடறதுக்கு?"

"தங்கச்சின்னு சொல்லிட்டேங்க. விசிறிச் சத்தம் வேற."

"கேட்டேன், கேட்டேன். பெரிய குரல்காரரு தொண்டை கட்டின நிலைமையில போன் பண்ணி என்னமோ கீச்சுன்னாரு. எனக்குப் புரிஞ்சது ஒன்னே ஒன்னுதான், 'அவளை விட்டுடாதே'. அடுத்த மாசம் படகுப் பந்தயம் வருது. நீங்கதான் பேசறீங்க. உங்கம்மாவும் இருக்கணும், சொல்லிட்டேன். ஆனா மாப்பிள்ளைக்கு முதல்ல வைத்தியம் பாருங்க. அவரு எப்படி இருக்காருன்னு இதுவரைக்கும் இத்தனை பேர் விசாரிச்சாச்சு, என்னால பதில் சொல்லி மாளலை."

மூத்தவள் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையின் விசைகள்மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு இறங்கியிருந்தது. நேரம் கேட்டாள். கேட்ட கையோடு பதில் வந்தது.

"இத்தனை நாளா மூடியே வச்சிருந்தேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?" என்றாள்.

"மாமியார் வீட்ல வாயைத் திறப்பாரா?" என்றார் மாமா. அம்மா சால்வையைத் தரையிலிருந்து எடுத்து, பழக்கதோஷத்தில் கணினிமேல் போடப் போனாள். பாதியில் கை நின்றது. அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுச் சின்னவள் உள்ளே வந்தாள். உடம்பெல்லாம் தூசியும் வேர்வையும். இரண்டாம் இடம்.

"ஏம்மா, மூணு பேரும் ஒட்டிக்கிட்டே கோட்டைத் தாண்டினோம், பக்கத்துல நின்னவங்களுக்கே யாரு முதல்னு தெரியலை. நான் பாட்டுக்கு வந்து நிக்கறேன், ரேடியோவுல உன் குரலைக் கேட்டு எல்லாரும் என்னைத் தூக்கறாங்க. தோள்ல ஏத்தின உடனே 'ஐயோ, இல்லையாம்'னு இறக்கி விட்டுட்டாங்க. உன்னால ஒரு கணம் ஜெயிச்சேம்மா நான்!"

"எல்லாம் உன் அத்தானாலதான். கொஞ்சம் சீக்கிரம் பேசித் தொலைச்சிருக்கலாம்" என்றாள் அம்மா.

"அத்தானைக் குத்தம் சொல்லாத. பாவம், காய்ச்சல்ல கூட பொய் சொல்லலை." சின்னவள் குனிந்து, விசிறிக்குக் கீழே அகலத் திறந்து நின்ற கணினியைப் பார்த்தாள். செத்த திரை கன்னங்கரேலென்று பளபளத்தது. அதில் தன் முகத்தைக் கண்டாள். நெற்றியில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தாள். கலைந்த தலையைக் கையால் கோதிக்கொண்டாள்.

"என்னடி பண்றே அங்க?" என்றாள் மூத்தவள்.

"தலை வாரறேன்க்கா. உன் திரை சூப்பரா வேலை செய்யுது!"

அன்றிலிருந்து அந்த மூடியை யாரும் மூடுவதில்லை.